சமன்பாட்டில் ஒளிந்திருக்கும் வயது: கார் மோதல் சோதனை விதிகளை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார்களை மோதவிட்டுப் பார்த்து ஸ்டார் தரும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப் சோதனைக்கு விதி எழுதும் குழுவினருக்கும், அந்த விதிகளுக்கு ஒப்புதல் தரும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகளுக்கும்:

இன்று ஒரு காரை விற்க "ஐந்து ஸ்டார்" என்ற இரண்டு சொற்களே போதும் என்ற நிலை வந்திருக்கிறது. அந்த ஐந்து ஸ்டாரும் எந்த வயதுக்காரருக்கு, எந்த உடல்வாகுக்கு என்று வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. நீங்கள் வெளியிடும் முடிவுத்தாளிலும் அது இல்லை. சோதனை விதிகளின் அடுத்த பதிப்பைப் பற்றிப் பேச்சு நடக்கும் இந்த நேரத்தில் இதை எழுதாமல் விட்டால், இன்னும் பல ஆண்டுகளுக்கு இப்படியேதான் போகும்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். காயத்தைக் கணிக்கும் நிகழ்தகவு மாதிரிகளைத் தேடிப் படிக்க நேர்ந்தது என் அம்மாவால்.

சென்ற ஆண்டு திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில், நடுவிலிருந்த இடைவெளி வழியாக ஒரு சரக்கு வேன் திடீரென்று திரும்பியது. தம்பி பிரேக் போட்டும் எங்கள் கார் அதன் பக்கவாட்டில் மோதியது. தம்பிக்கு 34 வயது, ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அருகில் முன் சீட்டில் அம்மா. 65 வயது, ஐந்தடிகூட இல்லை. இருவரும் சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். இரண்டு ஏர்பேக்கும் சரியாக விரிந்தன. கார் செய்ய வேண்டியதைச் செய்தது, அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தம்பிக்குத் தோளிலிருந்து இடுப்புவரை பெல்ட் பதிந்த கன்றல், அவ்வளவுதான். அம்மாவுக்கு நான்கு விலா எலும்புகள் முறிந்தன, நெஞ்செலும்பில் கீறல். மூச்சை இழுக்கவே வலித்ததால் அவர் இருமவில்லை. சளி கட்டியது, நிமோனியா வந்தது, வென்டிலேட்டர்வரை போய்த்தான் மீண்டார். இப்போதும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

ஒரே கார், ஒரே மோதல், ஒரே வரிசை சீட். மருத்துவர் எக்ஸ்ரேவைப் பார்த்து, "இந்த வயசுல பெல்ட்டே விலாவை முறிச்சிடும்மா, ஆனா பெல்ட் இல்லேன்னா இப்ப உயிரோட இருக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. பெல்ட் போடாதீர்கள் என்று இந்த மடலிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த மருத்துவருக்குத் தெரிந்தது ஸ்டார் கொடுப்பவர்களுக்கும் தெரிந்துதானே இருக்கும் என்ற கேள்வி எனக்கு எழுந்தது. தேடிப் பார்த்தேன். தெரிந்திருக்கிறது. பல ஆண்டுகளாகவே தெரிந்திருக்கிறது.

மோதல் சோதனையில் மனிதருக்குப் பதிலாக சீட்டில் உட்காரவைக்கும் பொம்மைக்கு எலும்பு முறிவதில்லை. நெஞ்சுக்குள் இருக்கும் அளவி, மார்பு எத்தனை மில்லிமீட்டர் உள்ளே அமுங்கியது என்று மட்டும் பதிவு செய்யும். "இவ்வளவு அமுங்கினால் ஒரு மனிதருக்குத் தீவிரக் காயம் ஏற்பட இத்தனை சதவீதம் வாய்ப்பு" என்று அந்த எண்ணை மாற்றித் தருவது ஒரு நிகழ்தகவு வளைவு. பார்க்க எஸ் எழுத்துபோல இருக்கும். தொடக்கத்தில் தரையோடு ஒட்டிப் போகும், நடுவில் செங்குத்தாக ஏறும், பிறகு நூறு சதவீதத்தை நெருங்கித் தட்டையாகும். ஆபத்தெல்லாம் அந்த நடுப்பகுதியில்தான். அங்கே ஐந்து மில்லிமீட்டர் கூடினாலும் வாய்ப்பு வேகமாக ஏறிவிடும்.

இந்த வளைவுகள் சும்மா வரவில்லை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், 1954 டிசம்பரில் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு, புவியீர்ப்பைப்போல 46 மடங்கு விசையைத் தன் உடலில் வாங்கினார். டெட்ராய்ட்டின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1939 முதலே மண்டை ஓடு எவ்வளவு அடியைத் தாங்கும் என்று தானமாக வந்த உடல்களை வைத்து ஆராய்ந்தார்கள். 1970களின் தொடக்கத்தில், 23 கிலோ எடையுள்ள உருளையை உடல்களின் நெஞ்சில் மோதவிட்டு, எவ்வளவு அமுங்கும்போது எத்தனை விலா முறிகிறது என்று எண்ணினார்கள். இதில் ஒரு புள்ளியியல் சிக்கலும் உண்டு. ஒரு உடலில் 45 மில்லிமீட்டர் அமுங்கி விலா முறிந்திருந்தால், அது சரியாக எந்த இடத்தில் முறிந்தது என்று தெரியாது; 45க்கு முன்பே எங்கோ முறிந்தது என்றுதான் சொல்லலாம். முறியாத உடலில், தாங்கும் எல்லை அதற்கும் மேலே எங்கோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். இப்படிப் பாதித் தகவல்களை வைத்துக்கொண்டு ஒரு வளைவைப் பொருத்துவது எவ்வளவு நுட்பமான வேலை என்று எனக்குத் தெரியும். அதைச் செய்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

உடலைத் தானம் செய்தவர்கள் யார்? பெரும்பாலும் முதியவர்கள். இளைஞர்களின் உடல் ஆய்வுக்குக் கிடைப்பது அரிது. ஆகவே மாதிரியை எழுதியவர்கள் வயதையும் ஒரு மாறியாகச் சேர்த்தார்கள். சரியான முடிவுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஒப்பவில்லை.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2008இல் தன் ஸ்டார் முறைக்காக வெளியிட்ட மார்புக் காயச் சமன்பாட்டை எடுத்துப் பாருங்கள். 12.597 என்று தொடங்குகிறது. அதிலிருந்து 0.05861ஐ ஒரு வயதால் பெருக்கிக் கழிக்கிறார்கள். பிறகு மார்பு அமுங்கிய மில்லிமீட்டரை 0.4612 அடுக்குக்கு உயர்த்தி, 1.568ஆல் பெருக்கி அதையும் கழிக்கிறார்கள். மிஞ்சுவதை லாஜிஸ்டிக் வளைவில், அதாவது மேலே சொன்ன எஸ் வடிவ வளைவில், போட்டால் தீவிர மார்புக் காயத்துக்கான நிகழ்தகவு வந்துவிடும். வயது வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு எண்ணை நிரந்தரமாக எழுதியிருக்கிறார்கள்: 35.

அந்த 35ஐ அழித்துவிட்டு என் அம்மாவின் வயதைப் போட்டேன். மார்பு 40 மில்லிமீட்டர் அமுங்கினால், 35 வயதுக்கு 12 சதவீதம் என்று வந்த வாய்ப்பு, 65 வயதுக்கு 45 சதவீதம் ஆனது. 30 மில்லிமீட்டருக்கு 5 சதவீதமாக இருந்தது 22 ஆனது. அதே ஆவணத்தில் சிறிய உடல்வாகுப் பெண் பொம்மைக்கு, அமுக்கத்தை 0.817ஆல் வகுக்கும் தனிச் சமன்பாடு இருக்கிறது. அதில் 40 மில்லிமீட்டருக்கு 35 வயதில் 25 சதவீதம், 65 வயதில் 66 சதவீதம். பன்னிரண்டில் தொடங்கி அறுபத்தாறில் வந்து நின்ற அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம்தான். யாரும் எதையும் மறைக்கவில்லை, சமன்பாடு வெளிப்படையாகத்தான் இருந்தது. ஆனால் முதியவர்கள் தங்கள் உடலைத் தந்து உருவாக்கிய ஒரு சமன்பாட்டில், முதியவர்களின் வயதைப் போட்டுப் பார்க்கும் வேலையை அந்த ஸ்டார் முறை மக்களுக்காகச் செய்யவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கையை நானே சொல்லிவிடுகிறேன். அதே மோதலில் இரண்டு பேருடைய மார்பும் ஒரே அளவு அமுங்க வேண்டும் என்றில்லை. எடை குறைந்தவரைப் பெல்ட் இழுக்கும் விசையும் குறையும். ஆகவே என் அம்மாவுக்கு அன்று 66 சதவீதம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே அமுக்கத்துக்கு வயது மட்டும் எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதைத்தான் காட்டுகிறேன். மாதிரி கூடக்குறைய இருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை வெறும் அளவீட்டுப் பிழை என்று தள்ள முடியாது.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 22 அன்று அறிமுகப்படுத்தி, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்க மோதல், பக்கவாட்டு மோதல், மூன்று ஸ்டாரோ அதற்கு மேலோ கேட்டால் கம்ப மோதல். பெரியவர்கள் பாதுகாப்புக்கு மொத்தம் 32 புள்ளி. 27 எடுத்தால் அந்தப் பிரிவில் ஐந்து ஸ்டார். அளந்த எண் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் முழுப் புள்ளி, இன்னொரு வரம்பைத் தாண்டினால் பூஜ்யம், நடுவில் நேர்கோட்டில் குறையும். முடிவுத்தாளில் பொம்மையின் நெஞ்சைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ வண்ணமிட்டுக் காட்டுகிறீர்கள். எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது என்று அதில் இல்லை. அந்த அமுக்கத்துக்கு எத்தனை சதவீதம் ஆபத்து என்றும் இல்லை. அமெரிக்கர்களாவது 35ஐ எழுதி வைத்தார்கள், என்னால் அழித்துப் பார்க்க முடிந்தது. இங்கே அழித்துப் பார்க்க ஒரு எண்கூடக் கையில் இல்லை.

வரம்புக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்று மக்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு வரம்பும் "இத்தனை பேருக்குக் காயம் ஆவதை ஏற்றுக்கொள்கிறோம்" என்ற முடிவு. தலையில் விழும் அடியின் கடுமையை எச்.ஐ.சி. என்ற எண்ணால் அளக்கிறார்கள். தலைக்காயத்துக்கு நெடுங்காலம் எல்லையாக இருந்த எச்.ஐ.சி. 1000 என்ற அளவில், ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு உயிரை அச்சுறுத்தும் காயம் ஏற்படலாம் என்று அந்த வளைவே சொல்கிறது. அப்படி ஒரு முடிவை எடுக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. யாருக்காக எடுத்தோம் என்பதைச் சொல்வதுதான் நேர்மை.

முன் சீட்டுகள் இரண்டிலும் நீங்கள் உட்காரவைக்கும் பொம்மை ஹைப்ரிட் III. 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கியது. சுமார் 175 சென்டிமீட்டர், 78 கிலோ. அன்றைய அமெரிக்க ஆணின் நடுத்தர உடல். நம் நாட்டு ஆண்களில் பெரும்பாலோர்கூட அதைவிடக் குள்ளம். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர். அமெரிக்காவில் நூறு பெண்களை வரிசையாக நிறுத்தினால் மிகச் சிறிய ஐந்து பேரைக் குறிப்பதற்காகச் செய்த பொம்மையின் உயரம் கிட்டத்தட்ட அதுவேதான். அங்கே ஓரத்தில் நிற்கும் உடல் இங்கே நட்ட நடுவில் நிற்கிறது. ஐரோப்பாவில் ஸ்டார் தரும் யூரோ என்கேப் 2015 முதல் அந்தச் சிறிய பெண் பொம்மையை ஓட்டுநர் சீட்டிலும் பின் சீட்டிலும் வைத்துச் சோதிக்கிறது. ஸ்வீடன் பொறியாளர் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு, 162 சென்டிமீட்டர், 62 கிலோ உள்ள சராசரிப் பெண் பொம்மையையே 2022இல் கொண்டுவந்தது. பொம்மை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பெண்களுக்கு ஆபத்து கூடுதலா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநருக்குத் தீவிரக் காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 47 சதவீதம் கூடுதல் என்று 2011இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு கண்டது. பெண்கள் சிறிய கார்களில் போவதும், மோதும் விதமும் அதில் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று 2021இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் சொன்னது. ஆனாலும் முழங்காலுக்குக் கீழே ஏற்படும் காயத்தில் வித்தியாசம் மறையவில்லை. வாதம் தொடரட்டும். வயது விஷயத்தில் அப்படி வாதமே இல்லை. வயதாக ஆக விலா எலும்பு எளிதில் முறியும், முறிந்தால் உயிருக்கும் ஆபத்து கூடும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதலாக முறியும் ஒவ்வொரு விலாவுக்கும் இறப்பு 19 சதவீதமும் நிமோனியா 27 சதவீதமும் கூடுகின்றன என்று 2000இலேயே ஒரு அமெரிக்க மருத்துவமனை ஆய்வு காட்டியது. அம்மா படுத்திருந்த வார்டில் அந்த எண்களை நான் கண்ணெதிரே பார்த்தேன்.

பின் சீட்டைப் பற்றியும் கேட்கிறேன். நம் வீடுகளில் தாத்தா பாட்டி பெரும்பாலும் எங்கே உட்காருகிறார்கள்? உங்கள் முன்பக்க மோதல் சோதனையில் பின் சீட்டில் இருப்பவை குழந்தைப் பொம்மைகள் இரண்டு. ஒன்றரை வயது, மூன்று வயது. அது மிக அவசியம், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பின் சீட்டுப் பெல்ட் ஒரு பெரியவரின் நெஞ்சை எவ்வளவு அமுக்குகிறது என்று உங்கள் சோதனையில் யாரும் அளப்பதில்லை. முன் சீட்டுப் பெல்ட்டில் இருக்கும் லோடு லிமிட்டர், அதாவது ஒரு அளவு விசையைத் தாண்டியதும் பெல்ட்டைக் கொஞ்சம் தளரவிட்டு விலாவைக் காக்கும் பாகம், பல கார்களில் பின் சீட்டுக்கு இருப்பதே இல்லை. அளக்காத இடத்தில் எந்த நிறுவனம் செலவு செய்யும்?

செலவு என்று நீங்கள் சொல்லலாம். ஒரு பொம்மை, ஒரு சோதனை, ஒரு கார், எல்லாமே விலை கூடியவைதான். ஆனால் என் முதல் கோரிக்கைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தேவையில்லை. மில்லிமீட்டர் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. அதை 65 வயதுக்கும் ஒரு முறை கணக்கிட்டால் போதும். சதவீதம் மக்களுக்குப் புரியாது என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே ஒருவர் சொன்னார். சர்க்கரை ரிப்போர்ட்டில் மூன்று மாதச் சராசரியைப் பார்த்து, "போன தடவை ஏழு, இப்ப ஏழரை" என்று கவலைப்படும் மக்களுக்கு இது புரியாதா? என் அம்மா பத்தாவதுவரைதான் படித்தார். இந்த வளைவை ஒரு தாளில் வரைந்து காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது அவங்களுக்குத் தெரியும்ல, அப்புறம் ஏன் சொல்லல?" என்பதுதான். நான் எழுதிக் கேட்ட இடத்திலிருந்து வந்த பதிலோ, சோதனை விதிப்படி நடந்தது என்ற ஒற்றை வரி. விதியைப் பற்றித்தானே கேட்டேன்.

2011 கணக்கெடுப்பிலேயே இந்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் அன்றே பத்தில் ஒருவர். இன்றைய எண்ணிக்கை அதைவிட அதிகம், இன்று வாங்கும் கார் ஓடப்போவது இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள். அதை வாங்குபவருக்கும் அதற்குள் வயதாகும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

சோதித்த ஒவ்வொரு காருக்கும், தலை, கழுத்து, மார்பு, தொடை என்று அளந்த மூல எண்களை முடிவுத்தாளோடு வெளியிடுங்கள். நிறம் இருக்கட்டும், எண்ணும் வேண்டும். பொம்மையின் உயரமும் எடையும் அதே தாளில் இருக்க வேண்டும். உங்கள் புள்ளி வரம்புகள் எந்த ஆபத்து வளைவிலிருந்து, எந்த வயதை வைத்து எடுக்கப்பட்டவை என்பதையும் எழுதுங்கள்.

மார்புக் காயத்துக்கான நிகழ்தகவை 35, 65 என்ற இரண்டு வயதுக்கும் கணக்கிட்டு, அதன் பிழை வரம்போடு சேர்த்துப் போடுங்கள். 65 வயதுக்கான எண் மோசமாக இருக்கும் கார் ஐந்து ஸ்டார் வாங்க முடியாதபடி அடுத்த பதிப்பில் விதி வையுங்கள். விசைக்கேற்பத் தளரும் பெல்ட் இன்று கற்பனை இல்லை. உட்கார்ந்திருப்பவரின் உயரத்தையும் எடையையும் பார்த்து, 11 விதமாகத் தளரும் பெல்ட்டை வோல்வோ 2025இல் அறிவித்துவிட்டது. ஸ்டார் கேட்டால்தான் மற்றவர்களும் செய்வார்கள்.

சிறிய பெண் பொம்மையை ஓட்டுநர் சீட்டிலும், பின் சீட்டிலும் வைத்துச் சோதியுங்கள். அதற்குப் பெறும் மதிப்பெண் ஸ்டாரில் சேர வேண்டும். பின்னிணைப்பில் போட்டு ஒதுக்கக் கூடாது.

கடைசியாக, நம் உடல்களுக்கு நம் தரவிலிருந்து ஒரு வளைவு வேண்டும். விபத்துகளை ஆழமாக ஆராயும் ரஸ்ஸி தரவுத்தொகுப்பு கோயம்புத்தூரில்தான் வேரூன்றியது. ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம் நாடு முழுக்கக் காவல் நிலையங்களில் ஓடுகிறது. ஒரகடத்தில் மோதல் சோதனைக்கூடம் இருக்கிறது. காவல் துறைப் பதிவில் ஒவ்வொருவரின் வயது, உட்கார்ந்த சீட், பெல்ட் போட்டாரா என்ற விவரங்களை, மருத்துவமனை தரும் காயத் தரவரிசையோடு, பெயரை நீக்கிவிட்டு இணையுங்கள். அந்தத் தரவைப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிடுங்கள். வளைவு பொருத்தும் வேலைக்கு என்னைப்போன்ற ஆசிரியர்களும் மாணவர்களும் சம்பளம் கேட்காமலே வருவோம்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் என்ன காரணம் என்று, அடுத்த பதிப்பை இறுதி செய்வதற்கு முன் பொதுவெளியில் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு புள்ளியியல் ஆசிரியை,
திண்டுக்கல்